லேசர் வைக்கும்போது வலித்தால் என்ன செய்வது?

சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டுவிட்டது, லேசர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "பார்வை திரும்புமா?" என்பதுதான். "வலிக்குமா?" என்ற இரண்டாவது கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. வயதானவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஆண்கள் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். கேட்காமலே போய் உட்கார்ந்து, எதிர்பாராத இடத்தில் சுருக்கென்று வலித்ததும் மிரண்டுபோய், "இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று திரும்பிவிடுபவர்கள் உண்டு. நான்கு தடவையில் முடிய வேண்டிய சிகிச்சை ஒரு தடவையோடு நின்றுபோகிறது. கண்ணுக்குள் நோய் நிற்பதில்லை.

இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கேள்விக்கானது. வலி சிலருக்கு இருக்கும். சிலருக்குக் கடுமையாகவே இருக்கும். அதைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, நீங்கள் வாயைத் திறந்து "வலிக்கிறது" என்று சொன்னால்தான் நடக்கும்.

எதற்காக இந்த லேசர்?

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் போதாமல் தவிக்கும் விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அப்படி வளரும் குழாய்கள் பலவீனமானவை. அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். தழும்பாகிச் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிரிக்கும். பார்வை போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

கண்மாயில் தண்ணீர் குறைந்த வருடம் கடைமடை வயலை விட்டுக்கொடுத்துத் தலைமடைப் பயிரைக் காப்பாற்றுவார்கள் அல்லவா? லேசர் செய்வதும் அதுதான். நேர்ப்பார்வைக்கு அதிகம் தேவைப்படாத ஓரப்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய சூடுகளை வைத்து, அங்கே செலவாகும் ஆக்சிஜனை மிச்சப்படுத்துகிறது. புதுக் குழாய்களை வளர்க்கும் வேதிப்பொருளின் சுரப்பு குறைகிறது. நடுப்பகுதி பிழைக்கிறது. மருத்துவமனைச் சீட்டில் இதைத்தான் 'பி.ஆர்.பி.' என்று எழுதுவார்கள். வழக்கமான முறையில் ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரை தேவைப்படும். அதனால்தான் ஒரே நாளில் முடிக்காமல், ஒன்றிரண்டு வார இடைவெளியில் இரண்டு முதல் நான்கு தடவையாகப் பிரித்து வைப்பது வழக்கம்.

இழந்த பார்வையை இந்த லேசர் மீட்டுத் தருவதில்லை. இருக்கும் பார்வையைக் காக்கிறது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1976இல் வெளியானது. லேசர் வைத்த கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் மேல் குறைந்ததை அது காட்டியது. அதே 1976இல்தான் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று இந்த ஊரில் லேசர் என்பது எட்டாத சிகிச்சை அல்ல. மதுரை ஆனையூரிலிருந்து அண்ணா நகர் அரவிந்துக்கும், பனகல் சாலையிலுள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்கும் வைகையைக் கடக்காமலே போய்விடலாம். தூரம் இங்கே தடையில்லை. பயமும் வலியும்தான் பலரைத் தடுக்கின்றன.

இது யாரோ சிலருக்கு மட்டும் வரும் பிரச்சினையும் இல்லை. சென்னையில் நடந்து 2005இல் வெளியான 'க்யூர்ஸ்' கண் ஆய்வு, சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரையில் ஏதோ ஒரு அளவில் பாதிப்பு இருப்பதைக் கண்டது. அவர்கள் எல்லோருக்கும் லேசர் தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்கு அது தள்ளிப்போடக் கூடியதும் இல்லை.

வலி எங்கிருந்து வருகிறது?

விழித்திரைக்கு வலி தெரியாது. அதில் வலி நரம்புகளே இல்லை. வலி அதற்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்ப் படலத்திலிருந்து வருகிறது. லேசரின் ஒளியை விழித்திரைக்கு அடியிலுள்ள நிறமி உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு கீழே பரவி, அங்கே ஓடும் நரம்புகளைத் தொடும்போதுதான் சுருக்கென்கிறது. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகள் இவை என்பதால் சிலருக்கு நெற்றி, புருவம், பல் வரைக்கும் வலி பாய்வதுண்டு. இதில் பயப்பட எதுவும் இல்லை.

இந்த அமைப்பு தெரிந்தால் நாற்காலியில் நடப்பது புரியும். கண்ணின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும், கடிகாரத்தில் மூன்று மணியும் ஒன்பது மணியும் இருக்கும் இடங்களில், நீளமான நரம்புகள் முன்னோக்கி ஓடுகின்றன. அந்த இடங்களில் லேசர் விழும்போது வலி அதிகம். கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிப் போகப் போகவும் அதிகமாகலாம். ஐம்பது புள்ளி வரை ஒன்றுமே தெரியாமல் இருந்து, ஐம்பத்தொன்றாவது புள்ளியில் துள்ளிவிழ வைப்பது இதனால்தான். உங்கள் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை.

நடுப்பகுதி வீக்கத்துக்காக வைக்கும் லேசர் வேறு வகை. அதில் புள்ளிகள் சில மட்டுமே, சூடும் குறைவு. பெரும்பாலும் வலிக்காது. பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று சொன்னால், அவருக்கு வைத்தது இந்த வகையாக இருக்கலாம். அவர் அனுபவத்தை வைத்து உங்கள் வலியை எடை போடாதீர்கள்.

புரை முற்றியிருந்தாலோ, கண்ணுக்குள் ரத்தக் கசிவு இருந்தாலோ ஒளி உள்ளே போகக் கூடுதல் சக்தி தேவைப்படும். அப்போது வலியும் கூடலாம். முதல் தடவையைவிட அடுத்தடுத்த தடவைகளில் அதிகம் வலிப்பதாகச் சொல்பவர்களும் பலர். முதல் தடவை சுலபமாக முடிந்தது என்பதற்காக இரண்டாம் தடவைக்கான ஆயத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

போவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

தேதி குறிக்கும் நாளிலேயே இவற்றைச் சொல்லிவிடுங்கள். லேசர் நாளன்று அறை வாசலில் வரிசை நகர்ந்துகொண்டிருக்கும். அப்போது சொல்ல நேரம் கிடைக்காது.

• சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறதா, கிரியாட்டினின் அளவு என்ன. கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

• கல்லீரல் நோய், மதுப் பழக்கம், வயிற்றுப் புண்.

• இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா. நீங்களாக அதை நிறுத்த வேண்டாம். சொன்னால் போதும்.

• ஏதாவது மருந்தோ, பல் பிடுங்கும்போது போட்ட மரத்துப்போகும் ஊசியோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா.

• ஊசி, ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா. வலிப்பு நோய் உண்டா.

• ஆஸ்துமா, கண் அழுத்த நோய் இருக்கிறதா.

• கர்ப்பமாக இருக்கிறீர்களா.

• கழுத்து வலி, முதுகு வலி, கூன் காரணமாகக் குனிந்து உட்கார முடியாதா.

• முன்பு லேசர் வைத்தபோது எவ்வளவு வலித்தது.

கேட்கத் தயங்குபவர்களுக்காக, அப்படியே சொல்லக்கூடிய சில வாக்கியங்கள்:

"டாக்டர், எனக்கு வலி தாங்குற சக்தி கம்மி. வலி குறைய முன்கூட்டியே ஏதாவது கொடுப்பீங்களா?"

"போன தடவை ரொம்ப வலிச்சுச்சு. இந்தத் தடவை கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு வைக்க முடியுமா?"

"சூடு வைக்கிற நேரத்தைக் குறைச்சு வைக்கிற மெஷின் இங்க இருக்குங்களா?"

இதைக் கேட்பது டாக்டருக்குப் பாடம் எடுப்பதாக ஆகாது. வலித்தால் தலை அசையும். தலை அசைந்தால் புள்ளி தவறான இடத்தில் விழலாம். உங்கள் வலி குறைந்தால் அவர் வேலையும் சுலபமாகும்.

வலியைக் குறைக்கும் வழிகள்

சொட்டு மருந்து. எல்லோருக்கும் போடப்படுவது இது. கண்ணின் மேற்பரப்பை மரத்துப்போகச் செய்யும். அதனால் கண்மேல் வைக்கும் லென்ஸ் உறுத்தாது. ஆனால் ஆழத்தில் வரும் வலியை இது தடுக்காது. "மரத்துப்போகச் சொட்டு போட்டும் வலிக்குதே" என்று திகைக்க வேண்டாம். அந்தச் சொட்டின் எல்லை அவ்வளவுதான்.

பாராசிட்டமால். லேசருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு சாப்பிடச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பலன் தருவதில்லை. ஆனாலும் சரியான அளவில் எடுத்தால் சிறுநீரகத்துக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யாத வலி மாத்திரை இதுதான் என்பதால் முதலில் இதைத்தான் யோசிப்பார்கள். 500 மில்லிகிராமா, 650ஆ, எத்தனை மாத்திரை என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளின் மொத்த அளவு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் எல்லை இன்னும் குறைவு. சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், கணக்கில் சேருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் 'வலி மாத்திரை' வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மூட்டுவலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. சர்க்கரை கண்ணைப் பாதித்த பலருக்குச் சிறுநீரகமும் ஓசையில்லாமல் பாதிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்காகச் சாப்பிட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மீதமிருக்கும் பழைய மாத்திரை, வீட்டில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை எதுவும் வேண்டாம்.

சூடு வைக்கும் நேரத்தைக் குறைப்பது. பழைய முறையில் ஒரு புள்ளிக்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிவினாடி, லேசர் விழும். 2000களின் நடுவில் வந்த, பல புள்ளிகளை ஒரே மூச்சில் வரிசையாக வைக்கும் லேசரில் ஒரு புள்ளிக்கு 20 மில்லிவினாடிதான். சூடு அடிப்படலத்துக்குப் பரவ நேரம் கிடைப்பதில்லை, வலி குறைகிறது. ஒவ்வொரு சூட்டின் பரப்பும் சிறிதாவதால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடும். "இன்னொருத்தருக்கு ஆயிரத்துச் சொச்சம், எனக்கு மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேலயா?" என்று கலங்க வேண்டாம். சாதாரண லேசரிலும் டாக்டரால் நேரத்தையும் சக்தியையும் ஓரளவு மாற்றியமைக்க முடியும். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

லேசரின் நிறம். பச்சை, மஞ்சள் ஒளிகளைவிடச் சிவப்பும் அதைத் தாண்டிய கண்ணுக்குத் தெரியாத ஒளியும் ஆழமாக ஊடுருவுவதால் அதிகம் வலிக்கும். இன்று பெரும்பாலான இடங்களில் பச்சை லேசர்தான். எந்த நிறம் என்பதை நோயின் நிலை பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

பிரித்து வைப்பது. ஒரு தடவையில் வைக்கும் புள்ளிகளைக் குறைத்து, தடவைகளைக் கூட்டலாம். ஆனையூரில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு நடை பெரிய சிரமம் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அது பெரிய சுமை. உங்கள் நிலைமையை டாக்டரிடம் சொல்லி, இரண்டையும் சேர்த்து முடிவெடுங்கள்.

கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. மேலே சொன்ன எதுவும் போதாதபோது இது இருக்கிறது. கண் கோளத்தைச் சுற்றி லிக்னோகெய்ன் போன்ற மருந்தைச் செலுத்தினால் ஆழத்து வலியே தெரியாது. சில மணி நேரம் அந்தக் கண் மங்கலாக இருக்கும், அசையாமலும் இருக்கலாம்; மூடிக் கட்டி அனுப்புவார்கள். ஊசி என்பதால் கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டுவது போன்ற சிறு சிக்கல்கள் வரலாம். பெரிய சிக்கல்கள் மிக அரிது. அதனால் எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் போடுவதில்லை. ஆனால் வலி தாங்காமல் சிகிச்சையையே விட்டுவிடும் நிலை வந்தால், இந்த ஊசியைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மற்றொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை குறைவு என்றால், அன்று கட்டாயம் துணைக்கு ஆள் வேண்டும்.

அன்று காலை

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஆபரேஷன் என்று நினைத்துப் பட்டினி கிடந்து, சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வருவது ஆபத்து. காத்திருக்கும்போது சர்க்கரை இறங்கினால் படபடப்பு, வியர்வை, நடுக்கம் வரும். அந்த நிலையில் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். டாக்டர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட வேண்டாம். அமாவாசை விரதம், சஷ்டி விரதம், ரமலான் நோன்பு நாட்களில் தேதி விழுந்தால் முன்பே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவது என்றால் நாலைந்து நாள். நாலைந்து மாதம் இல்லை.

பையில் இருக்க வேண்டியவை: பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், தண்ணீர், பிஸ்கட், சர்க்கரை இறங்கினால் வாயில் போட நாலு ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடி, கருப்புக் கண்ணாடி, குடை. கண் பாப்பா விரியச் சொட்டு போடுவார்கள். சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும். மதுரை வெயிலில் உச்சிப்பொழுதில் வெளியே வந்தால் கண்ணைத் திறக்க முடியாது. பைக்கோ ஸ்கூட்டரோ ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். திரும்பி வரும்போது ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களில், குறிப்பாக அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி, கோரிப்பாளையம் சுற்றுவட்டாரமே கூட்டத்தில் திணறும். வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். அந்த வாரத்தில் தேதி விழுந்தால் ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். "திருவிழா முடியட்டும்" என்று தள்ளிப் போடுவது பல வீடுகளில் ஆடி வரைக்கும் போய்விடுகிறது.

நாற்காலியில்

உட்கார்ந்ததும் முதல் வேலை, உடம்பைச் சரியாக அமர்த்துவது. தாடையை வைக்கும் தாங்கி உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை என்றால் எட்டி எட்டிக் கழுத்து இழுக்கும். "ஸ்டூலைக் கொஞ்சம் ஏத்துங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். பாதம் தரையில் பதிய வேண்டும். நெற்றி பட்டையை ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் மேஜைப் பிடியைப் பிடித்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு சைகையை ஒப்புக்கொள்ளுங்கள். "வலிச்சா கையைத் தூக்குவேன், நிறுத்துவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பேசினால் தாடை அசையும். 'ஆம்' என்று தலையாட்டினாலும் கண் நகரும். கையைத் தூக்கினால் தலை அசையாது. டாக்டர் காலை எடுத்ததும் லேசர் நின்றுவிடும், ஏனென்றால் அவர் மிதியை மிதித்தால்தான் அது வேலை செய்யும். நிறுத்திய பிறகு பேசுங்கள்.

இன்னொரு கண்ணைப் பார்க்கச் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று வரும். மெஷினிலிருந்து டிக் டிக் சத்தம் கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருவது பலரும் தம்மை அறியாமல் செய்வது. அது உடம்பை இறுக்கும்; தலை சுற்றவும் வைக்கும். மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் விடுங்கள். மனதுக்குள் எண்ணுவதோ, தெரிந்த பாட்டையோ பிரார்த்தனையையோ உதடு அசையாமல் சொல்லிக்கொள்வதோ நல்லது. தோளைத் தளர்த்துங்கள்.

வலி கூடினால் டாக்டர் செய்யக்கூடியவை பல: சற்று நிறுத்தலாம், வேறு பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பலாம், சக்தியையோ நேரத்தையோ குறைக்கலாம், மீதியை அடுத்த தடவைக்கு வைக்கலாம், மரத்துப்போகும் ஊசி போட்டுத் தொடரலாம். வியர்த்துக் கண் இருட்டினால் உடனே சொல்லுங்கள். வலியாலும் பயத்தாலும் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி மயக்கம் வரும். படுக்கவைத்துக் கால் தூக்கினால் சரியாகிவிடும். சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கூட வருபவருக்கு

"பொறுத்துக்கோங்கப்பா, கொஞ்ச நேரம்தானே" என்று சொல்லித் தேற்றுவது இயல்பு. ஆனால் அந்தச் சொல்லே பலரை வாய்மூட வைக்கிறது. அதற்குப் பதிலாக, "வலிச்சா கையைத் தூக்குங்கப்பா, டாக்டர் நிறுத்துவாரு" என்று சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோ டாக்டர் முன்னால் தங்கள் வலியைக் குறைத்துச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால், நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். லேசர் அறைக்குள் உங்களை அனுமதித்தால் அங்கே தரும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போடாமல் நிற்காதீர்கள்.

வீடு திரும்பிய பிறகு

முடிந்ததும் சிறிது நேரம் எல்லாம் இருட்டாகவோ நிறம் மாறியோ தெரியும். அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்த கண் நிதானத்துக்கு வர அவகாசம் வேண்டும். அன்று முழுவதும் மங்கல் இருக்கலாம். சிலருக்குச் சில நாட்கள் நீடிக்கும். கண்ணிலும் நெற்றியிலும் மந்தமான வலி, தலைவலி வரலாம். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். மூடிய கண்மேல் சுத்தமான ஈரத்துணியை லேசாக வைத்துக்கொள்ளலாம். கண்ணைக் கசக்க வேண்டாம்.

கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, தேன் எதுவும் வேண்டாம். சூடு பட்டது கண்ணின் உள்ளே, பின்புறத்தில். மேலே ஊற்றுவது அங்கே போய்ச் சேராது. கிருமித்தொற்று மட்டும்தான் மிஞ்சும்.

"தலைக்கு ஊத்தலாமா? பத்தியம் இருக்கா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். லேசர் மட்டும் வைத்திருந்தால் வெளியே புண் எதுவும் இல்லை, குளிக்கலாம், சமைக்கலாம். பெரும்பாலோர் மறுநாளே வழக்கமான வேலையைப் பார்க்கலாம். ஊசி போட்டிருந்தாலோ கண்ணுக்குள் ரத்தக் கசிவு இருந்தாலோ டாக்டர் தனியாக என்ன சொன்னாரோ அதன்படி நடங்கள். சர்க்கரைக்கு உண்டான சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு பத்தியம் இல்லை.

முழுச் சிகிச்சையும் முடிந்தபின் சிலருக்கு இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் குறையும். இருட்டிய பிறகு வண்டி ஓட்டுபவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள் இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே, இரவானாலும், கண் மருத்துவமனைக்குப் போங்கள்:

• மாத்திரைக்கு அடங்காத கடுமையான கண்வலி. கூடவே வாந்தி, தலைவலி, கண் சிவப்பு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

• கண்முன் திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைவது.

• திடீரென்று கரும்புள்ளிகளோ நூல்களோ நிறைய மிதப்பது, மின்னல் வெட்டுவது.

• பார்வை சட்டென்று போவது, அல்லது நாளுக்கு நாள் குறைவது.

அடுத்த தடவைக்கு ஒரு குறிப்பு

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, எந்தக் கண், வலி இல்லாததை 0 என்றும் தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்தால் உங்கள் வலி எத்தனை, எந்தப் பக்கம் பார்க்கச் சொன்னபோது அதிகம் வலித்தது, முன்னால் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், அது உதவியதா, அடுத்த தேதி எது. எழுதத் தெரியாதவருக்குப் பேரனோ பேத்தியோ எழுதலாம். "ரொம்ப வலிச்சுச்சு" என்பதைவிட "போன தடவை எட்டு" என்பது டாக்டருக்கு வேலை செய்ய வசதியானது. எட்டு என்று தெரிந்தால் அடுத்த முறை திட்டத்தை மாற்றுவார்.

வலிக்குப் பயந்து ஊசிக்கு மாறலாமா?

கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தும் இந்த நோய்க்கு இருக்கிறது. 2015இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் ஊசி பெற்றவர்களின் பார்வை லேசர் வைத்தவர்களுடையதைவிட மோசமாக இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஊசி என்றால் பல மாதங்கள் விடாமல் வர வேண்டும், செலவும் கூடுதல். இடையில் வராமல் போனவர்களை ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களின் கண்கள் லேசர் வைத்த கண்களைவிட மோசமான நிலையில் திரும்பி வந்தன. லேசரின் பலன் நீடித்து நிற்பது. மாதாமாதம் வர முடியாத குடும்பங்களுக்கு அதனால்தான் இன்றும் அது நம்பகமான வழி. ஊசியா, லேசரா, இரண்டுமா என்பதை உங்கள் கண்ணையும் வீட்டுச் சூழ்நிலையையும் பார்த்து டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். வலி ஒன்றை மட்டும் காரணமாக வைத்து முடிவெடுக்காதீர்கள். வலியைக் குறைக்க வழி இருக்கிறது.

செலவு பற்றிய கவலை இருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இந்தச் சிகிச்சைக்குப் பயன்படுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேளுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வாங்குபவர்கள், மாத்திரை கிடைத்துவிட்டதே என்று கண் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறையாவது கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டால் லேசர் தேவைப்படாமலே போகலாம்.

லேசர் தொடங்கிவிட்டவர்களுக்கு: டாக்டர் சொன்ன எல்லாத் தடவையும் முடிந்தால்தான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு. பாதியில் நின்ற லேசர், கண்ணுக்குப் பாதிப் பாதுகாப்பைக்கூடத் தராமல் போகலாம். ஒரு தடவை வலித்தது என்றால் அடுத்த தடவை வலியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு டாக்டர் காது கொடுக்கவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.